பொறிப்புருவமும் பாயிரமும்: வான் ரீடு உருவப்படத்தை முன்வைத்து

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய அச்சு மரபில், ஆசிரியரது உருவத்தைச் செப்புத்தகட்டில் பொறித்து நூலுடன் சேர்ப்பது வழக்கம். தமிழ் மரபில் அவ்விடத்தில் நிற்பது பாயிரம். நூலுள் நுழைவோனை வாயிலில் நிறுத்தி நம்பிக்கை ஊட்டுவதே இரண்டின் பணியும் ஆதலின், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மதிப்பிடுதல் பொருந்தும்.

‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் தாவர நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக இலத்தீனில் வெளிவந்தது. தில்லியில் ஔரங்கசீப் ஆண்ட காலத்தில், கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஹென்ரிக் வான் ரீடு (1636–1691) இதனைத் தொகுப்பித்தார். அவரது உருவத்தைப் பொறித்தவர் பீட்டர் வான் குன்ஸ்ட். செப்புப் பொறிப்பில் சாயல் என்பது இல்லை; கோடுகளின் நெருக்கமும் இடைவெளியுமே நிழலும் ஒளியும் ஆகின்றன. அவ்வருமையான கோட்டுத் தொழிலில், நீண்ட சுருள்முடியும் பெருமிதமும் கொண்ட பிரபு ஒருவரையே காண முடிகிறது.

சிறப்புப் பாயிரத்துக்கு நன்னூல் வகுக்கும் எட்டுக் கூறுகளுள் ஆக்கியோன் பெயரை இப்படம் ஐயமின்றி நிறைவு செய்கிறது. ‘வழி’ யாது என்னும் வினாவுக்கோ அதில் விடையில்லை. விடை முதல் தொகுதியின் சான்றுரைகளில் உள்ளது. கொல்லாட்டுக் குடும்பத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் 1675 ஏப்ரலில் அளித்த சான்றுரை, வட்டெழுத்தின் கிளையாகிய கோலெழுத்திலேயே அச்சேறியுள்ளது. தம் குடும்ப ஏட்டையும் நெடுநாள் பட்டறிவையும் கொண்டு மரஞ்செடிகொடிகளின் பெயர்களையும் மருத்துவக் குணங்களையும் தாம் கூறியதாகவும், இம்மானுவேல் கார்னெய்ரோ என்னும் துபாஷி வழியாக அவை எழுதப்பெற்றதாகவும் அது உரைக்கிறது. ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகிய மூவரின் கொங்கணிச் சான்றுரையும் உடன் உள்ளது.

தன் நூலுக்குத் தானே சிறப்புப் பாயிரம் செய்தல் கூடாது. ஆசிரியனோ உடன்கற்றோனோ மாணாக்கனோ உரைகாரனோ செய்ய வேண்டும் என்பது இலக்கணம். அச்சுதன் இந்நால்வருள் யார்? பெயரும் குணமும் கற்பித்தவர் ஆதலின் ஆசிரியர் இடமே அவருக்குரியது. ஆனால் உருவம் பொறிக்கப்பெற்றது மாணாக்கனுக்கே. முதல் தொகுதியின் முகப்போவியத்திலும், அமர்ந்திருக்கும் பெண்ணுக்குத் தொட்டிச் செடிகளை ஏந்தி நிற்போர் பெயரற்றவர்களே.

இதனால் ரீடு அறிவைக் களவாடினார் என முடிவு கட்டுதல் அவசரமாகும். கள்வர் சான்றுரையை அச்சிடுவதில்லை. மறுபுறம், நூலின் வகைப்பாட்டு முறையே ஈழவ மருத்துவ மரபினது என்னும் ரிச்சர்ட் குரோவின் கருத்தும் சான்றை மீறிச் செல்கிறது. பெயர், குணம் என்னும் இரண்டுக்கு மட்டுமே அச்சுதனின் சொற்கள் பொறுப்பேற்கின்றன. அவ்விரண்டும் சிறியன அல்ல. லின்னேயஸ் 1753-இல் தம் நூலில் ரீடின் படங்களைச் சான்றாக்கியபோது அப்பெயர்கள் சிலவும் உடன் சென்றன.

படத்தகடுகளில் இலத்தீன் எழுத்தோடு மலையாள, அரபு எழுத்துகளிலும் பெயர்கள் உள்ளன. நூலின் முதல் தாவரம் தென்னை, பெயர் ‘தெங்ஙா’. அதனைச் செம்பில் வெட்டிய டச்சுக் கைவினைஞர் அவ்வெழுத்தை அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அது இன்றும் படிக்கக்கூடியதாகவே உள்ளது.