குறிஞ்சிப்பாட்டில் இளையோர் காதல்

அகத்திணை ஆய்வில் தோழியைக் காதலுக்குத் துணைநிற்கும் வாயிலாகக் கொள்வதே பெருவழக்கு. காதல் தலைவன் தலைவியர்க்கு உரியது. தோழி அதனைப் பிறர்க்கு எடுத்துரைப்பவள் என்பர். யாம் அதனோடு அமைந்துவிடுவதற்கில்லை. இன்று பதின்பருவம் என வழங்கும் இளமைக்கண் நிற்பாள் ஒருத்தி, தன் உள்ளத்து நிகழ்ந்தது யாதெனத் தெளிவதே தோழியோடு உசாவும் உரையில்தான் என்பது எம் கருத்து. அதற்குக் குறிஞ்சிப்பாட்டு தக்க சான்றாகும்.

கபிலர் பாடிய இப்பாட்டின் 261 அடிகளும் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் ஒரே கூற்றாகும். மகளின் மெலிவு கண்ட செவிலி அறிந்தாரை வினவுகிறாள். கடவுளரை மலர்தூவி வழிபடுகிறாள். ஆயினும் நோயின் காரணம் அறியாது வருந்துகிறாள். புலவர் அவளை எள்ளவில்லை. அவள் அன்பிற் குறைந்தவள் அல்லள். காதலை நோயெனக் கொண்டமையே அவள் பிழை.

தலைவியோ தன் துயரை உள்ளே கரந்து உறைகிறாள். தோழி வற்புறுத்திக் கேட்ட பின்னரே வாய்திறக்கிறாள். அணிகலம் கெட்டால் மீண்டும் செய்துகொள்ளலாம், ஒழுக்கம் குன்றினால் மீட்டல் அரிது என்பது அவள் கவலை. ஆகவே அவள் ஆராயாதவள் அல்லள். எனினும் குடியொப்பு முதலியன எண்ணாது தாமே துணிந்ததாகத் தோழி ஒப்புக்கொள்கிறாள். ஆராய்தலும் ஆராயாது துணிதலும் ஒருங்கே நிற்பது இளமையின் இயல்பு. அத்துணிவைத் தோழி தன்மைப் பன்மையில் கூறுதல் ஊன்றி நோக்கற்பாலது. காதல் ஒருத்தியது, பொறுப்போ இருவரது. பகைகொண்ட இரு வேந்தரிடையே நின்ற சான்றோர்போல் அஞ்சுவதாகத் தோழி தன் நிலையைக் கூறுவதும் இதனாலேயாம்.

இவையெல்லாம் செவிலியை இசைவிக்கும் சூழ்ச்சி எனலாமோ எனின், அற்றன்று. தொல்காப்பியர் அறத்தொடு நிற்கும் வகை 7 என எண்ணி, உண்மை செப்பலை இறுதியில் வைத்தார். தலைவனை ஏத்தலும் யானை வந்த நிகழ்ச்சியும் இப்பாட்டில் உளவேனும், நிகழ்ந்தவாறே உரைப்பேன், சினவற்க என்னும் தொடக்கமே அவை அனைத்தையும் ஆள்கிறது.

பாட்டு மணத்தில் முடியவில்லை. தலைவன் வரும் இரவு வழியின் ஏதங்களையும் அவற்றை எண்ணிக் கலங்கும் தலைவியையும் கூறி நிற்கிறது. செவிலியின் மறுமொழி பாட்டில் இல்லை. 261 அடியும் சினவாது கேட்டவள் இனி என் செய்வாள் என்பது கற்பாரின் எண்ணத்திற்கு விடப்பட்டுள்ளது.

வகுப்பறையில் இப்பாட்டு 99 மலர்களின் பட்டியலாகச் சுருங்கிவிடுதல் உண்டு. அம்மலர்களைக் குவித்து விளையாடிய மகளிர் இருவர், மூத்தோர் முன் அஞ்சியஞ்சி உண்மை கூறிய பாட்டு இது என்பதை ஆசிரியர் மறத்தலாகாது. கேட்டிருக்கும் மாணவர் பலரும் அத்தகைய உண்மையொன்றை எவரிடம் கூறுவது என அறியாது இருத்தல் கூடும்.