கதவைத் திறந்தவர் யார்?

"நம்மவர் ஒருவர் அமெரிக்க நாட்டின் தலைமைப் பதவிக்கே போட்டியிடுகின்றார்!" 2023ஆம் ஆண்டிலே தவளக்குப்பத்துத் தேநீர்க் கடைகளிலும், நாம் பணியாற்றும் பள்ளியின் ஆசிரியர் அறையிலும் எழுந்த பெருமிதக் குரல் இது. அந்த நம்மவர் விவேக் ராமசாமி. பாலக்காட்டுப் பகுதியிலிருந்து கடல் கடந்து சென்ற, தமிழ் பேசும் பார்ப்பனக் குடும்பத்தின் மகன். 1985இல் ஒகையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் பிறந்தவர். ஆர்வர்டிலும் யேலிலும் பயின்றவர். மருந்துத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். குடியரசுக் கட்சியின் வேட்பாளராக முயன்று, 2024 சனவரியில் அயோவாவில் நான்காம் இடம் பெற்றதும் விலகி, டிரம்புக்கு ஆதரவு தந்தார்.

பெருமிதத்தை நாம் பழிக்கவில்லை. அதே 2024இல் கமலா ஆரிசுக்காகத் துளசேந்திரபுரத்துக் கோயிலில் பூசை நடந்தபோதும் இதே குரல்தான் எழுந்தது. ஒருவர் இடப்பக்கம், மற்றவர் வலப்பக்கம். ஊர்ப் பெருமைக்கு அந்த வேறுபாடு தெரியாது. நமக்குத் தெரிய வேண்டாமா? ஆகவே, அவர் எழுதிய நூல்கள் இரண்டை வாங்கிப் படித்தோம். 2021இல் வந்த 'வோக், இன்க்.' ஒன்று, 2022இல் வந்த 'நேஷன் ஆஃப் விக்டிம்ஸ்' மற்றொன்று.

'வோக்' என்னும் சொல் கறுப்பின மக்களின் பேச்சிலே பிறந்தது. அநீதி கண்டு விழித்திரு என்பது அதன் பொருள். இன்றோ அமெரிக்கப் பழைமைவாதிகளின் வாயில் அது ஏளனச் சொல். பெருநிறுவனங்கள் சமூக நீதி பேசுவதெல்லாம் இலாபத்திற்கும் அதிகாரத்திற்கும் போட்ட வேடம் என்பது முதல் நூலின் வாதம். இதிலே உண்மை இல்லாமல் இல்லை. காலையில் சமத்துவ விளம்பரம், மாலையில் தொழிலாளர் வயிற்றில் அடி என்று வாழும் நிறுவனங்களை நாமும் அறிவோம். அந்த வேடத்தைக் கலைத்த அளவிலே அந்நூலைப் பாராட்டலாம். வேடதாரியை அடிக்கின்றேன் என்று கிளம்பியவர், அவன் அணிந்திருந்த வேடத்துக்குரியவரையே, நீதி கேட்டு நின்ற மக்களையே, அடித்துவிட்டுப் போகின்றார் என்பதுதான் நம் வழக்கு.

இரண்டாம் நூலிலே அது வெளிப்படை. அமெரிக்கர் அனைவரும் 'நான் பாதிக்கப்பட்டவன்' என்று அழுவதையே தொழிலாக்கிக் கொண்டனராம், தகுதி மாண்டுவிட்டதாம். தம் கட்சிக்காரர்களையும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவர் தப்பவிடவில்லை. அந்த நேர்மை அவரிடம் உண்டு. ஆனால் 'தகுதி' என்ற சொல்லைப் படித்ததும் நமக்குச் சென்னை நினைவு வந்தது.

அன்றைய சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணை நடைமுறையில் இருந்தது. கல்லூரியின் 14 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, அரிசனருக்கு 2, கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமாக 1, முசுலிம்களுக்கு 1. இதை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் என்ற அம்மையார் வழக்குத் தொடுத்தார். மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே செய்யவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது! ஆயினும் 1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. தமிழகம் கொதித்தது, அதே ஆண்டு சூனில் அரசமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

72 ஆண்டுகள் கழித்து, 2023 சூன் 29ஆம் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஏறத்தாழ அதையே செய்தது. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளும் ஆர்வர்டு முறை செல்லாதென்றது. எந்த விதியைக் காட்டி? 1868இல் அடிமைத்தளையறுந்த மக்களின் காப்புக்கென எழுதப்பட்ட 14ஆம் திருத்தத்தைக் காட்டி! ராமசாமி அத்தீர்ப்பை வரவேற்றார். நமக்குத் திருத்தம் கிடைத்தது. அவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சரி, தகுதி பேசும் இவர் குடும்பம் அந்நாட்டுக்குள் எப்படி நுழைந்தது? பழைமைவாதிகள் கேட்க விரும்பாத வரலாறு இங்கேதான் இருக்கின்றது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியர் குடியேற்றத்துக்குத் தடைக்கோடு போட்டது. 1923இல் பகத்சிங் திண்டு என்ற சீக்கியர் குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றார். அவர் வைத்த வாதத்தை வாசகர் கூர்ந்து நோக்குக. நான் உயர்சாதி இந்து, ஆரியக் குருதி உடையவன், ஆதலால் வெள்ளையன்! ஆரியம் இங்கே எத்தனையோ கதவுகளைத் திறந்ததுண்டு. அங்கே அது செல்லாக் காசாயிற்று. எளிய மக்களின் பேச்சு வழக்கில் நீ வெள்ளையன் அல்லன் என்று நீதிமன்றம் கைவிரித்தது. 1946இல் கூட ஆண்டுக்கு 100 இந்தியருக்குத்தான் இடம்.

கதவு உண்மையில் திறந்தது 1965 அக்டோபர் 3ஆம் நாள், குடியரசுத் தலைவர் சான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் ஒப்பமிட்டபோது. அதற்கு முந்திய ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம். அதே ஆண்டு ஆகத்தில் வாக்குரிமைச் சட்டம். மூன்றும் ஒரே அலையில் வந்தவை. நிறத்தைக் காரணமாகக் காட்டி மனிதனைத் தள்ளுவது இழிவு என்ற உணர்வை அந்நாட்டின் தலையில் ஏற்றியவர் யார்? தடியடி பட்டு, நாய்க்கடி பட்டு, சிறை புகுந்த கறுப்பின மக்கள் அல்லரோ? அவர்கள் குருதி சிந்தித் தள்ளிய கதவின் வழியே நம்மவர் பெட்டி படுக்கையுடன் நுழைந்தனர். நுழைந்தவரின் மகன் இன்று திரும்பி நின்று, 'அழுவதை நிறுத்துங்கள், என்னைப் போல் உழையுங்கள்' என்கின்றார்!

அந்த வழியும் எல்லாருக்கும் திறந்த வழியன்று. உறவினரோடு, தொழிற்கல்வி பெற்றோரையும் அச்சட்டம் சலித்தெடுத்தது. இவர் தந்தையார் படித்தது கோழிக்கோட்டு வட்டாரப் பொறியியற் கல்லூரி. தாயார் படித்தது மைசூர் மருத்துவக் கல்லூரி. இரண்டும் இந்நாட்டு மக்களின் வரிப்பணத்தில் நடந்தவை. தலைமுறை தலைமுறையாக ஏடும் எழுத்தும் தொட்ட குடும்பம் என்பதையும் சேர்த்துக் கொள்க. பிறப்பைக் குற்றமாகச் சொல்லவில்லை நாம். கணக்கிலே விட்டுப்போன வரவை எழுதச் சொல்கின்றோம். யேலில் படித்தபோது 2011இல் அவர் பெற்ற சோரோசு அறக்கட்டளை உதவித்தொகைகூட, குடியேறியோருக்கும் அவர்தம் மக்களுக்கும் மட்டுமே உரியது. பெற்றதில் தவறில்லை. பிறப்பு அடையாளம் ஒரு கைப்பிடியாக உதவும் என்பதைப் பெற்றவர் மறக்கலாமா?

நிறம் பாராச் சட்டம் ஒன்றே போதும் என்கின்றனர். புதுவைக்காரரிடம் வந்து சொல்ல வேண்டிய பேச்சு இது! சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய பிரெஞ்சியர் ஆண்ட ஊர் நம்முடையது. அவர்கள் காலத்தில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகர். மேற்கே கறுப்பர் நகர். 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை காலணியோடு நீதிமன்றம் புகுந்ததற்காகத் தடுக்கப்பட்டார். பாரிசு வரை வழக்காடித்தான் அந்த உரிமையைப் பெற்றார். சட்டப் புத்தகத்தில் சமத்துவம் இருந்தது. காலில் போட்ட செருப்புக்கு அது வந்து சேரப் பாரிசு போக வேண்டியிருந்தது.

இத்தனை பேசியும் ராமசாமியைத் தம் கூட்டத்தார் ஏற்றனரா? 2024 மே மாதம், பழைமைவாதக் கட்டுரையாளர் ஆன் கூல்ட்டர், ராமசாமி நடத்திய உரையாடலிலேயே, அவர் முகத்துக்கு நேரே சொன்னார்: கருத்துகள் பலவற்றில் உடன்பாடுதான், ஆயினும் நீர் இந்தியர், ஆதலால் உமக்கு என் வாக்கு இல்லை. ராமசாமி சினந்தாரா? கருத்தை ஏற்கவில்லை எனினும் மனத்தில் பட்டதைச் சொன்ன துணிவை மதிப்பதாகப் பின்னர் எழுதினார். அதே ஆண்டு திசம்பரில், அமெரிக்கப் பண்பாடு சிறப்பை விட்டுச் சராசரியைப் போற்றுகின்றது என்று அவர் எழுதியபோது, பாய்ந்து குதறியவர்களில் பலர் அவர் பக்கத்தாரே. திண்டுக்கு நீதிமன்றம் சொன்னதை இவருக்கு நண்பர்கள் சொன்னார்கள்.

இதற்கெல்லாம் தவளக்குப்பத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவக் கல்வியில் தமிழ்நாடு 2020இல் 7.5 விழுக்காடும், புதுவை 2023இல் 10 விழுக்காடும் ஒதுக்கின. நம் வகுப்பிலே மீனவக் குடும்பத்துப் பெண்ணொருத்தி கேட்டாள்: "அந்த 10 விழுக்காட்டில் இடம் கிடைத்தால், தகுதி இல்லாதவள் என்பார்களாமே, ஐயா?" அவள் காதுக்கு அந்தச் சொல் கடல் தாண்டியும் வருகின்றது, கடைத்தெருவிலிருந்தும் வருகின்றது. மறுநாள் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு, திண்டு வழக்கையும், 14 இடங்களின் கணக்கையும், 1965ஐயும் கரும்பலகையில் எழுதினோம். ராமசாமியின் இரு நூல்களையும் அவளிடமே கொடுத்திருக்கின்றோம். ஆங்கிலம் சற்றுக் கடினம் என்றாள், அகராதியும் கொடுத்தோம்.