கணிதமும் தொழிற்சாலைப் பயிற்சியும்

மாணவரைச் சில மாதங்கள் தொழிற்சாலைக்கு அனுப்பினாற் கணிதக்கல்வி பயனுடையதாகிவிடும் என்பர். அங்கு அவர் பேரேடு நிரப்பவே பணிக்கப்படின் அது பயிற்சியாகாது.

ஒக்ஸ்போர்ட்டிற் கணிதமும் இரசாயனமும் கற்ற வில்லியம் கொசெற், 1899இல் டப்ளினிலுள்ள கின்னஸ் பியர் ஆலையிற் சேர்ந்தார். அங்கு சிறு மாதிரிகளைக் கொண்டே முடிவுகாண வேண்டியிருந்தது. பெருந்தொகைத் தரவுகளுக்கென அமைந்த அன்றைய புள்ளிவிபரவியல் அதற்குப் போதவில்லை. அவ்வினாவுடன் 1906இல் இலண்டனிற் கார்ல் பியர்சனின் ஆய்வுகூடத்தை அடைந்தார். ‘மாணவன்’ எனப் பொருள்படும் புனைபெயரில் 1908இல் அவர் வெளியிட்ட கட்டுரை, சிறுமாதிரிக் கோட்பாட்டுக்கு அடிகோலியது.

தொழிற்சாலை வினாவைத் தந்தது. பல்கலைக்கழகம் அதனை ஏற்றது. பயிற்சித் திட்டமொன்றை மதிப்பிடும் அளவுகோல் இதுவே. வினா எதனையும் கொண்டுவராது சான்றிதழோடு மட்டும் மாணவர் திரும்புவாராயின், ஆலைக்கு மலிவான உழைப்புக் கிட்டும். கணிதத்துக்கு எதுவுங் கிட்டாது.