கிரன்ஃபெல்டுக்கு முன்பு ஒரு கிரன்ஃபெல்ட்

1855 மே மாதம், கல்கத்தாவில் ஒரு சதுரங்க ஆட்டம். வெள்ளைக் காய்கள் ஸ்காட்லாந்துக்காரரான பாரிஸ்டர் ஜான் காக்ரேனிடம். கறுப்பு மகேஷ்சந்திர பானர்ஜியிடம். காக்ரேன் ராணிக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். பானர்ஜி குதிரையை வெளியே எடுத்தார், அடுத்து ஜி6, மூன்றாவதாக டி5. நடுப்பலகையை எதிராளி பிடிக்கட்டும், மூலையில் உட்கார்ந்த பிஷப்பால் அதைத் தூரத்திலிருந்தே உடைப்போம் என்பது இதன் கணக்கு.

காலத்தோடு ஒட்டாத ஆட்டம். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் லண்டனில் ஆண்டர்சன் இரண்டு யானைகள், ஒரு பிஷப், ராணி எல்லாவற்றையும் பலி கொடுத்து கீசெரிட்ஸ்கியை முடித்திருந்தார். அன்றைக்கு அழகான ஆட்டமென்றால் அதுதான். பானர்ஜிக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? பழைய இந்திய ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான் போகும். அதில் ஊறிய கை மூலையிலிருந்து கட்டி எழுப்பப் பழகியிருக்கும் என்பது என் ஊகம்.

ஆனாலும் தோற்றார். பதினெட்டாவது நகர்த்தலில் காக்ரேனின் ராணியைக் குறிவைத்துக் குதிரையை ஓரத்துக்கு அனுப்பினார். மறுநொடி இரட்டைச் செக். வெள்ளை ராணி தன்னையே கொடுக்க, கறுப்பு ராஜா சொந்தக் காய்களுக்கு நடுவே மூச்சுத் திணறி மேட் ஆனது. பேராசைதான் கவிழ்த்தது, திறப்பு அல்ல.

பிறகு ஸ்டெய்னிட்ஸ், டாராஷ் மரபு வந்தது. நடுப்பலகையைச் சிப்பாய்களால் பிடி என்பதை டாராஷ் சட்டமாகவே ஆக்கிவிட்டார். நிம்சோவிச், ரெட்டி தலைமுறை அதை மீறியது. 1922ல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் கிரன்ஃபெல்ட் இதே தற்காப்பால் அலெகினையே வீழ்த்த, பெயர் அவருக்குப் போயிற்று. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. பானர்ஜி ஆடிக் காட்டினார், கிரன்ஃபெல்ட் அதை உலக அரங்கில் ஏற்றினார். 1956ல் நியூயார்க்கில் பதின்மூன்று வயது ஃபிஷர், டொனால்ட் பைர்னுக்கு எதிராக ராணியைக் கொடுத்து வென்றதும் இந்தத் திறப்பில்தான்.

தோல்வியை வைத்துத் திறப்பை எடைபோடுவோருக்கு 2010 சோஃபியாவைச் சொல்வேன். உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் ஆனந்த் கறுப்பில் கிரன்ஃபெல்ட் ஆடினார். தயாரிப்பின் வரிசை நினைவில் தவற, முப்பதே நகர்த்தல்களில் டோபலோவிடம் விழுந்தார். பத்தாவது ஆட்டத்தில் அதே டோபலோவுக்கு எதிராக அதே கிரன்ஃபெல்டை மறுபடி எடுத்தார். டிரா.