முட்டாளுக்கு எழுதிய புத்தகம்

ஒரு கார் ரிப்பேர் புத்தகத்துக்கு விமர்சனம் எழுதலாமா என்று நண்பனிடம் கேட்டேன். "நாவலுக்கே எழுத ஆள் இல்ல, நீ ஸ்பேனருக்கு எழுதப் போறியா?" என்று சிரித்தான். எழுதத்தான் போகிறேன். இந்த ஒரு வருடத்தில் படித்தவற்றில், உரைநடை எதற்காக என்று என்னை யோசிக்க வைத்தது இந்தப் புத்தகம்தான்.

ஜான் மியூர் எழுதிய 'ஹவ் டு கீப் யுவர் வோக்ஸ்வேகன் அலைவ்' 1969இல் வந்தது. காடுகளைப் பற்றி எழுதிய ஜான் மியூர் வேறு ஆள். இவர் பொறியாளர். அறுபதுகளில் அந்த வேலையை உதறிவிட்டு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வோக்ஸ்வேகன் கார்களைப் பழுது பார்க்கத் தொடங்கியவர். 'முழு முட்டாளுக்கான படிப்படியான செய்முறை' என்கிற பொருளில் ஒரு துணைத்தலைப்பு. பீட்டர் ஆஷ்வாண்டன் வரைந்த கோட்டோவியங்கள். கார் பக்கத்தில் தரையில் விரித்து வைக்கத் தோதான சுருள் கம்பி பைண்டிங்.

இதை நான் தேடிப் போனதற்குக் காரணம் அப்பாவின் 1972 பீட்டில். கிள்ளானில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் பதினோரு வருடமாகக் கேன்வாஸ் போட்டு மூடிக் கிடந்தது. அப்பா முப்பது வருடம் லாரிப் பட்டறையில் வேலை செய்தவர். போன வருடம் முழங்கால் மோசமாகி, குனிய முடியாமல் போனது. நான் மெக்கானிக்கல் பட்டதாரி, தெர்மோடைனமிக்ஸில் ஏ வாங்கியவன். பீட்டிலில் வால்வு கவர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கம்பெனிக் கையேடுகள் எஞ்சின், எரிபொருள், மின்சாரம் என்று பிரிந்திருக்கும். கோளாறு எங்கே என்று தெரிந்தவன்தான் சரியான பக்கத்தைத் திறக்க முடியும். மியூர் ஓட்டுபவனின் பதற்றத்திலிருந்து அத்தியாயங்களைப் பிரிக்கிறார். வண்டி கிளம்பவில்லையா, ஒரு அத்தியாயம். சிவப்பு விளக்கு எரிகிறதா, இன்னொன்று, ஜெனரேட்டரைப் பார். பச்சை விளக்கா, எண்ணெய் அழுத்தம். வண்டி நிற்க மாட்டேன் என்கிறதா, பிரேக். அது அறிவின் வரிசை, இது பயத்தின் வரிசை. தெரியாதவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று யோசித்துவிட்டு அங்கே போய் நின்று பேசுகிற எழுத்து இது. நம் விமர்சனக் கட்டுரைகளில் எத்தனை அப்படிப் பேசுகின்றன?

வால்வு இடைவெளியைச் சரிசெய்ய எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். காலையிலேயே காரின் பின்பக்கம் படுத்தேன். ஃபீலர் கேஜில் 0.006 அங்குலத் தகடு, அதாவது 0.15 மில்லிமீட்டர். அது லேசாக உரசிக்கொண்டு உள்ளே போக வேண்டும். லேசாக என்றால்?

"எவ்வளவு டைட்டா இருக்கணும்ப்பா?"

"கை சொல்லும்டா. மொதல்ல மூணாவது சிலிண்டர பாரு."

"ஏன் மூணாவது?"

"எப்பவும் அதுதான்."

என் கை எதுவும் சொல்லவில்லை. ஆனால் மூன்றாவதில் இடைவெளியே இல்லாமல் இருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. பீட்டில் எஞ்சினைக் குளிர்விப்பது காற்று. பழைய எஞ்சின்களில் ஆயில் கூலர் அந்தக் காற்றின் வழியிலேயே நிற்கும். அதனால் மூன்றாவது சிலிண்டர் கூடுதலாகச் சூடாகும். இடைவெளி போய்விட்டால் வால்வு சரியாக உட்காராது, சூட்டை வெளியே கடத்தாது, கடைசியில் கருகும். அப்பாவிடம் முடிவு இருந்தது. காரணத்தை அவர் எனக்குச் சொல்லவில்லை.

மியூரிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அவருக்குக் கிரீஸ் என்பது விடுதலை. மேசையை விட்டுப் பட்டறைக்கு இறங்கி வந்தவர் அவர். என் கையில் கிரீஸ் படக் கூடாது என்றுதான் அப்பா ஓவர்டைம் பார்த்தார். இறங்குவதற்கு முதலில் மேலே ஓர் இடம் வேண்டும். காரை அன்போடு தொடச் சொல்லும் அந்தப் புத்தகம், மாதச் சம்பளத்துக்காக அடுத்தவன் லாரியின் கீழ் படுத்துக் கிடப்பவனிடம் என்ன சொல்லும்? எதுவும் சொல்லாது. அது அந்தத் தலைமுறையின் சொகுசு.

இருந்தாலும் புத்தகத்தைத் தூக்கிப் போட முடியவில்லை. ஏனென்றால் 'கை சொல்லும்' என்பதும் ஒரு வேலிதான். தெரிந்தவனை உள்ளேயும் தெரியாதவனை வெளியேயும் நிறுத்துகிற வேலி. மியூர் அதைப் பிரிக்கிறார். எதற்குப் பிறகு எதைத் தொடுவது, எந்த இடத்தில் அவசரப்படுவோம், எதை இரண்டாம் முறை பார்ப்பது என்று கை அறிந்ததை எல்லாம் வாக்கியமாக்க மெனக்கெடுகிறார். நம் தோட்டத்து இலக்கியத்தில் நான் படித்த வரையில், உழைப்பவனின் வலி நிறைய வந்திருக்கிறது. அவன் திறமை அபூர்வமாகத்தான் வந்திருக்கிறது. பால்மரத்தில் கத்தி எந்த ஆழத்தில் போனால் பட்டை காயப்படாது என்று ஒரு கதை எனக்குச் சொல்லித் தந்திருந்தால், அந்தப் பாட்டியின் மேல் இரக்கத்தோடு மரியாதையும் வந்திருக்கும்.

சாயங்காலம் எஞ்சின் ஓடியது. டிக் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் போகவில்லை. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "ரெண்டாவது" என்றார். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் நாலாவது. கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்தார்.

"புக்குல என்ன போட்டிருக்கான், படி" என்றார்.

ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொண்டே வாசித்தேன். "பூட்டு மரையைத் தளர்த்தி..."

"லாக் நட்டுனு சொல்லுடா."

லாக் நட்டைத் தளர்த்தினேன்.