பிழை நாணயத்துக்கு விலை உண்டா?

சில்லறையை எண்ணும்போது ஒரு நாணயம் சற்று வேறாகத் தென்படுகிறது. எழுத்தொன்று மழுங்கியிருக்கிறது; அல்லது சிங்கத் தலைக்கு அருகே மயிரிழை போல ஒரு கோடு மேடிட்டு ஓடுகிறது. “இது நாணயச்சாலையில் நேர்ந்த தவறு. இப்படி வேறொன்று இருக்காது. ஆகவே இலட்சம் ரூபாய் பெறும்” என்று யாரோ சொல்கிறார்கள். இதில் முதற் கூற்று உண்மையாக இருக்கலாம். இரண்டாவதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் மூன்றாவது, அவ்விரண்டிலிருந்தும் கிடைக்கும் முடிவு அன்று. ஏன் என்று பார்ப்போம்.

நாணயத்தின் பிறப்பை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உருவங்கள் மேடாக அமைந்த எஃகு மூலவுரு ஒன்றை, மற்றோர் எஃகுத் துண்டின் முனையில் அழுத்திப் பள்ளமான அச்சைச் செய்கிறார்கள். இத்தகைய இரு அச்சுகளுக்கு நடுவே உலோக வில்லையை வைத்துப் பல டன் விசையுடன் அடித்தால் அது நாணயமாகிறது. அச்சு செய்யும்போது தவறு நேர்ந்தால், அந்த அச்சு அடிக்கும் ஒவ்வொரு நாணயத்திலும் அதே தவறு தோன்றும். அடிக்கும்போது வில்லை விலகினால் அந்த ஒரு நாணயம் மட்டுமே கெடும். வெளியே வந்தபின் சுத்தியலோ அமிலமோ பட்டு நேர்ந்தது பிழையே அன்று, வெறும் காயம்.

இனி ஓர் உண்மை நிகழ்ச்சி. 1955-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் ஒரு சென்ட் நாணயத்துக்கான அச்சு ஒன்று பழுதாகிவிட்டது. அந்நாளில் மூலவுருவை ஒருமுறை அழுத்தினால் அச்சு முழுமையாகப் பதியாது. அழுத்தத்தால் எஃகு இறுகிவிடும்; அதைக் காய்ச்சி இளக்கி மறுபடியும் அழுத்துவார்கள். இரண்டாம் முறை இம்மியளவு திரும்பிவிட்டது. ஆண்டும் எழுத்துகளும் இரண்டிரண்டாகப் பதிந்தன. தவறு கண்டுபிடிக்கப்படுமுன் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட காசுகள் மற்றக் காசுகளுடன் கலந்துவிட்டன. பொறுக்கி எடுக்க முயலாமல் அப்படியே வெளியே விட்டார்கள். சிகரெட்டுப் பெட்டிகளில் மீதிச் சில்லறையாகச் செருகப்பட்டுச் சில மக்கள் கைக்கு வந்தனவாம்! இன்று தேய்ந்த காசுகூட ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது.

அதே 1955-ஆம் ஆண்டின் வேறு சில சென்ட் காசுகளில் கடைசி ‘5’ மட்டும் நிழல் விழுந்தாற்போல இரட்டையாகத் தெரியும். இதன் காரணம் வேறு. அச்சு அடித்து அடித்துத் தேய்ந்துபோனதால் ஏற்பட்ட மங்கல் இது. சேகரிப்போர் இதற்கு ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள். விலையும் பெயருக்கு ஏற்றதுதான். ஓரிரு டாலருக்கே கிடைக்கும்.

இப்போது அந்த “வேறொன்று இருக்காது” வாதத்துக்கு வருவோம். பெருவிலை பெறும் இரட்டை அச்சுக் காசு ஒன்றே ஒன்று அன்று, ஆயிரக்கணக்கில் உண்டு. அதுவே அதன் பலம்! ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள், பட்டியலில் இடம் இருக்கிறது, கண்ணாடியின்றியே பிழை தெரிகிறது. ஆகவே தேடுவோர் இருக்கிறார்கள். உங்கள் நாணயத்திலுள்ள மயிரிழைக் கோடு எப்படி வந்தது? பழைய அச்சில் கீறல் விழ, அதற்குள் உலோகம் புகுந்து மேடாயிற்று. (கோடு மேடாக இல்லாமல் பள்ளமாக இருந்தால் அது வெறும் சிராய்ப்பு.) வேலை செய்யும் அச்சுகள் விரிசல் காண்பது சாதாரணம், ஒவ்வொன்றின் விரிசலும் ஒவ்வொரு விதம். மாவிலைகளில்கூட ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. அதற்காக இலைக்கு யார் விலை தருகிறார்கள்? மழுங்கிய எழுத்தும் இத்தகையதே. அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

பிழையே அல்லாதவற்றையும் பிழை என்கிறார்கள். நம் நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே புள்ளி இருந்தால் அது நொய்டா, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், சாய்சதுரம் மும்பை. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. நம் நாணயத்தைப் புத்தகத் தாள்போலப் பக்கவாட்டில் திருப்பினால் பின்புறமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அமெரிக்க நாணயத்திலோ பின்புறம் தலைகீழாக இருப்பதுதான் முறை. சிறிது சாய்வு காணப்பட்டால் யாரும் பொருட்படுத்துவதில்லை. பாதிக்கு மேல் விலகி அடிபட்டு ஆண்டும் தெளிவாகத் தெரிகிறது, அல்லது ஒரே உருவம் மறுபுறம் கண்ணாடி பிம்பமாகப் பதிந்திருக்கிறது என்றால் வாங்க ஆள் உண்டு. அப்போதும் இலட்சக் கணக்கு வேண்டாம்.

விலை கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விற்பவன் கேட்கும் தொகை விலையன்று. வாங்குபவன் கொடுத்த தொகையே விலை. காணொளிகளில் காட்டப்படுவது பெரும்பாலும் முன்னது. வாங்குவதாகச் சொல்பவர் உங்களிடமே பணம் கேட்டால் ஐயத்துக்கு இடமில்லை. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டி, பழைய நாணயங்களை விற்றுத் தருவதாகக் கூறி, கட்டணம், தரகு, வரி என்று சிலர் பறிப்பதாக அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இத்தகைய வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், இதற்காக எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்றும் அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருக்கிறது.