படர்தாமரையின் வட்டம்

அரிப்பை மறந்துவிட்டுப் பார்த்தால் படர்தாமரை அழகான வேலைப்பாடுதான். விளிம்பு சிவந்து, லேசாக மேடிட்டு, பொடிச் செதிலோடு இருக்கும். நடுத்தோல் ஏறக்குறைய தெளிந்திருக்கும். இதை உண்டாக்கும் பூஞ்சை, விழுந்த இடத்திலிருந்து நாலாபக்கமும் ஒரே சீராகப் பரவுகிறது. அதை எதிர்த்து உடல் தோலை வேகமாக உதிர்க்க, நடுப்பகுதி முதலில் ஆறுகிறது. அதனால்தான் வட்டம்.

இந்தப் பூஞ்சைக்கு உயிருள்ள சதை வேண்டாம். மேல்தோலின் செத்த அடுக்கு, முடி, நகம் இவற்றிலுள்ள கெராட்டின்தான் இரை. வேறு பல உயிர்களால் செரிக்க முடியாத அந்தப் புரதத்தை இது நொதி சுரந்து கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்ள வேண்டும்!

பரிசோதனைக்கு விளிம்பில்தான் சுரண்டுவார்கள். பூஞ்சை மும்முரமாக இருப்பது அங்கேதான். கண்ணாடித் தகட்டில் செதிலை வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் தோல் செல்கள் கரைந்து வெளிறிவிடும். நுண்ணோக்கியில் கணுக்கணுவாகக் கிளைவிட்ட இழைகள் மட்டும் தெளிவாகத் தெரியும். சில இழைகள் துண்டுதுண்டாக உடைந்து வித்துகளாகியிருக்கும். உதிர்ந்த செதிலிலும் துண்டிலும் சீப்பிலும் மாதக்கணக்கில் காத்திருப்பவை அவையே.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும், சிவப்பை மறைக்கும், பூஞ்சையையோ வளரவிடும். வட்டமும் உருக்குலைந்துபோக, மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகலாம். அந்தக் களிம்பைத் தொடாதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.